எத்தனை சுவிட்ச் என்பது கடைசிக் கேள்வி

2002 நவம்பர் 13ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் திணறத் தொடங்கியது. சர்வர்கள் பழுதாகவில்லை. நோயாளிகளின் பதிவுகள் அழியவில்லை. வெளியிலிருந்து யாரும் ஊடுருவவும் இல்லை. ஆனால் சர்வரில் பத்திரமாக இருந்த தகவல் வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கையால் மருந்துச் சீட்டு எழுதிப் பழகாத இளம் மருத்துவர்களும் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நிலைமை சீராக ஏறக்குறைய நான்கு நாட்கள் ஆயின. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு இணைந்த, கணினிமயமாவதில் முன்னோடி என்று பெயர் வாங்கிய மருத்துவமனை அது. நடந்ததை நிர்வாகம் மூடி மறைக்காமல் வெளியே சொன்னதால், நெட்வொர்க் அமைப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் பாடமாக அது நிலைத்துவிட்டது.

உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது, ஆய்வாளர் ஒருவரின் மென்பொருள் நெட்வொர்க்கில் பெருமளவு தரவைக் கொட்டியது. ஒரே ஒரு மென்பொருளால் மருத்துவமனை முழுவதும் முடங்கியது எப்படி என்று கேட்டால், விடை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது, ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்காதிருக்க மாற்று வழியும் போட்டுவைப்பார்கள். மாற்று வழி வந்தால் வட்டம் உண்டாகும். வட்டத்தில் மாட்டிய தகவல் பொட்டலம் ஓயாமல் சுற்றும். அதைத் தடுக்க, தேவைப்படும்வரை சில வழிகளை மூடிவைக்கும் ‘ஸ்பேனிங் ட்ரீ’ என்ற விதிமுறையை 1985இல் ராடியா பெர்ல்மன் உருவாக்கினார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் வழியில் ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இருக்காது என்ற அனுமானத்தில்தான் அந்த விதிமுறையின் வழக்கமான நேர அளவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பாஸ்டன் மருத்துவமனையோ 1996இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவானது. கட்டடம் கட்டடமாக, துறை துறையாக ஒட்டிக்கொண்டே போன அதன் நெட்வொர்க் அந்த எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. ஒவ்வொரு இணைப்பும் அன்றைய தேவைக்குச் சரியாகவே பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்து எங்கே போய் நிற்கிறது, எந்த அளவைத் தாண்டினால் அமைப்பையே மாற்ற வேண்டும் என்ற கணக்குதான் உரிய காலத்தில் பார்க்கப்படவில்லை.

நம் ஊர் நிறுவனங்களில் நெட்வொர்க் பற்றிய பேச்சு பெரும்பாலும் கொட்டேஷனில்தான் தொடங்குகிறது. எத்தனை சுவிட்ச், எத்தனை வை-ஃபை கருவி, எத்தனை எம்.பி.பி.எஸ். லைன், எந்த கம்பெனிச் சரக்கு? இவை எல்லாமே விடைகள். இவற்றுக்கான கேள்விகளைக் கணக்குப் பிரிவிலும் கிடங்கிலும் விற்பனை மேசையிலும் முதலாளியின் அறையிலும் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டுத் தொகுப்பதைத் தேவை திரட்டுதல் என்றும், தொகுத்ததை எடைபோட்டு, முரண்களைத் தீர்த்து, அளக்கத்தக்க எண்களாக்குவதைத் தேவைப் பகுப்பாய்வு என்றும் சொல்கிறார்கள். கருவியிலிருந்து தொடங்காமல் தொழிலின் நோக்கத்திலிருந்து கீழே இறங்கி வர வேண்டும் என்பது இத்துறையில் புதிதல்ல; பிரிசில்லா ஓப்பன்ஹைமர் 1990களின் இறுதியில் எழுதிய ‘டாப்-டவுன் நெட்வொர்க் டிசைன்’ என்ற பாடநூலின் பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதை ஐ.டி. துறையின் உள் விவகாரமாக, கொள்முதலுக்கு முன் நிரப்பவேண்டிய ஒரு படிவமாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. நெட்வொர்க் வடிவமைப்பின் பெரும்பகுதி நிர்வாக முடிவு என்பதே என் வாதம். எது நின்றால் தாங்கலாம், எது நிற்கவே கூடாது, யார் யாரை நம்பலாம் என்பவற்றை எந்தப் பொறியாளரும் தானாக முடிவுசெய்ய முடியாது. அந்த முடிவுகளை நிர்வாகத்தை எடுக்கவைப்பதும், எடுத்ததை எண்ணாக மாற்றுவதும்தான் தேவைப் பகுப்பாய்வின் வேலை.

ஒரு ஜவுளி நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். தலைமை அலுவலகம், ஒரு கிடங்கு, 20 கிளைக் கடைகள். புதிதாக நெட்வொர்க் போட வேண்டும். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கிளை மேலாளரைக் கேட்டால், “நெட் ஸ்பீடா இருக்கணும் சார்” என்பார். அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. காலையில் கடை திறந்ததும் முதலில் எந்தத் திரையைத் திறக்கிறீர்கள், பில் போடும்போது விலை எங்கிருந்து வருகிறது, ஸ்டாக் கணக்கு உடனுக்குடன் ஏறுகிறதா இரவில் ஏறுகிறதா, லைன் போனால் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் மேலாளர் அரை மணி நேரம் பேசுவார். அந்தப் பேச்சில்தான் தேவை கிடைக்கிறது. லைன் போகும்போது பில் புத்தகத்தில் எழுதிவைத்து மறுநாள் ஏற்றுகிறோம் என்று அவர் சொன்னால், அந்தக் கடை சில மணி நேரம் நெட்வொர்க் இல்லாமல் தாங்கும் என்று பொருள். கார்டு தேய்க்க முடியாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார் என்றால் கதையே வேறு. என்ன வேண்டும் என்பதைவிட என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு மனிதர்கள் உண்மையான பதில் தருகிறார்கள்.

வாய்மொழி மட்டும் போதாது; நெட்வொர்க்கையும் கேட்க வேண்டும். எந்தக் கருவி எந்தக் கருவியோடு எவ்வளவு பேசுகிறது என்பதை ரவுட்டரே பதிவுசெய்து தரும் நெட்ஃபுளோ போன்ற வசதிகள் 1990களின் நடுப்பகுதியிலிருந்தே இருக்கின்றன. அளந்து பார்த்தால் யாரும் வாய் திறந்து சொல்லாத தேவைகள் வெளியே வரும். கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் 32 கேமராக்கள் இருந்து, எல்லாவற்றின் காட்சியும் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி நினைத்தால், அந்த ஒரு கடைக்கே 128 எம்.பி.பி.எஸ். வேண்டும். 50 பேர் ஒரே நேரத்தில் போன் பேசுவதற்கோ, ஒரு அழைப்புக்குச் சுமார் 87 கிலோபிட் என்ற கணக்கில், நாலரை எம்.பி.பி.எஸ். கூடத் தேவையில்லை. பில்லிங்குக்கு அதைவிடக் குறைவு. ஆக, லைனின் அளவை முடிவுசெய்யப்போவது விற்பனையோ கணக்கோ அல்ல, கேமரா. காட்சி கடையிலேயே பதிவாகி, தேவைப்படும்போது மட்டும் எடுத்துப் பார்த்தால் போதுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் மாதா மாதம் போகும் வாடகை பெருமளவு குறையும். அதே கேமராக்களுக்கு மின்சாரமும் சுவிட்ச் வழியாகவே போகிறது என்றால் இன்னொரு தேவை முளைக்கிறது. ஒரு துளைக்கு 15.4 வாட் வீதம் 48 துளை சுவிட்ச் முழுச் சுமையில் 740 வாட் அளவுக்குக் கொடுக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் அந்தப் பெட்டியை வைக்கப்போகிறோமா, அங்கே காற்றோட்டம் உண்டா, யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்பவையும் நெட்வொர்க் தேவைகள்தான்.

மேலாளர் சொன்ன ‘ஸ்பீடு’க்கு வருவோம். அந்த ஒரு சொல்லில் இரண்டு வெவ்வேறு அளவுகள் கலந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு போகலாம் என்பது ஒன்று. ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பது மற்றொன்று. குழாயை அகலமாக்கினால் தண்ணீர் அதிகமாக வரும். ஆனால் முதல் சொட்டு வந்து விழும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. இரண்டு டெராபைட் பேக்கப்பை 100 எம்.பி.பி.எஸ். லைனில் அனுப்ப 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு இரவும் முழு பேக்கப் என்று ஆவணத்தில் எழுதிவிட்டு அந்த லைனை வாங்கினால், முதல் இரவின் வேலை மூன்றாம் நாளுக்கு இழுக்கும். இது அகலத்தின் பிரச்சினை. பணம் கொடுத்துத் தீர்க்கலாம். நீளத்தின் பிரச்சினை அப்படியல்ல. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். போய்த் திரும்பக் குறைந்தபட்சம் 135 மில்லி விநாடி. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 200ஐத் தாண்டும். ஒரு திரையைத் திறக்க 300 முறை சர்வரோடு பேசும் பழைய மென்பொருள், சர்வர் பக்கத்து அறையில் இருந்து ஒரு மில்லி விநாடியில் பதில் தரும்போது அரை விநாடிக்குள் திறந்துவிடும். அதே சர்வரை அமெரிக்காவுக்கு மாற்றினால் ஒரு நிமிடமாகும். லைனை நூறு மடங்கு பெரிதாக்கினாலும் அந்த நிமிடம் குறையாது. சர்வர் எங்கே இருக்க வேண்டும், மென்பொருளை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டால் மட்டுமே தப்பலாம். அதனால்தான் நல்ல தேவை ஆவணத்தில் ‘வேகமாக’ என்ற சொல்லுக்கு இடமில்லை. ‘மாலை ஏழு மணி நெரிசலிலும் பில் திரை இரண்டு விநாடிக்குள் திறக்க வேண்டும்’, ‘போன் பேச்சின் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது’ என்பது போன்ற வாக்கியங்கள் இருக்கும். இரண்டாவது எண், தொலைத்தொடர்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.டி.யூ. பரிந்துரைத்தது. இரண்டையும் வேலை முடிந்ததும் அளந்து பார்த்து, ஆயிற்று, ஆகவில்லை என்று சொல்லிவிடலாம்.

‘எப்போதும் நிற்காமல் ஓட வேண்டும்’ என்பதும் இப்படிப் பிரித்துப் பார்க்கவேண்டிய ஆசைதான். 99.9 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம், 99.999 என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு ஒன்பதைக் கூட்டும்போதும் செலவு ஏறுகிறது: இரண்டாவது லைன், இரண்டாவது ரவுட்டர், இரண்டாவது மின்வழி, இரவிலும் விழித்திருக்கும் ஆட்கள். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கடையின் ரவுட்டர், லைன், தலைமை அலுவலக ஃபயர்வால் என்று 99.9 சதவீதம் கொண்ட மூன்று கருவிகள் வரிசையாக இருந்தால், மொத்தம் 99.7 ஆகிவிடும், ஆண்டுக்கு 26 மணி நேரம். ஆண்டுச் சராசரியும் ஏமாற்றக்கூடியது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை நான்கு மணி நேரம் நிற்பதும், பிப்ரவரி மாதத்து நள்ளிரவில் நான்கு மணி நேரம் நிற்பதும் ஒப்பந்தத்தின் கணக்கில் ஒன்றுதான்; கல்லாப்பெட்டியின் கணக்கில் ஒன்றல்ல. சேவை நிறுவனம் தரும் இழப்பீடு பெரும்பாலும் மாத வாடகையில் ஒரு கழிவுதான். போன வியாபாரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. எத்தனை ஒன்பது வேண்டும் என்ற முடிவைப் பொறியாளரிடம் விட்டால் அவர் தன் பாதுகாப்புக்காக அதிகம் கேட்பார். கொள்முதல் அதிகாரியிடம் விட்டால் குறைத்துவிடுவார். ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று நிர்வாகம் ஒரு தொகையைச் சொன்னால்தான் இருவருக்கும் நடுவில் கோடு போட முடியும்.

வேகத்தையும் நிற்காமையையும் பற்றியாவது யாராவது பேசுவார்கள். யாரை யார் தொடலாம் என்ற கேள்வி பல இடங்களில் எழுவதே இல்லை. 2013 நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டன. 7 கோடி வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களும் போயின. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை செய்யும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் லாகின் வழியாக. பில் அனுப்பவும் ஒப்பந்த ஆவணங்களைக் கொடுக்கவும் வேலைத்திட்டங்களைக் கவனிக்கவும் அந்த நிறுவனத்துக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. அங்கிருந்து புறப்பட்டவர்கள் கடைகளின் கல்லா இயந்திரங்கள் வரை போய்விட்டார்கள். பில் அனுப்ப வருகிறவருக்கும் கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கும் நடுவில் கடக்க முடியாத சுவர் வேண்டும் என்பது தொழில்நுட்ப நுணுக்கம் இல்லாத எவருக்கும் புரியும் தேவை. ‘எங்களோடு வேலைசெய்யும் வெளியாட்கள் யார் யார், அவர்களுக்கு எது மட்டும் தெரிந்தால் போதும்’ என்று ஒரு பட்டியல் போட்டு, அதற்கேற்ப நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரிப்பது வடிவமைப்பின் தொடக்கத்தில் மலிவான வேலை. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கைப் பின்னால் பிரிப்பது பெரும்பாடு.

அடுத்தது, எது எதோடு சேர்ந்து சாகும் என்ற கேள்வி. மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று நினைப்பதும் அது உண்மையிலேயே மாற்றாக இருப்பதும் வேறு வேறு. 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பில் பெரும்பகுதி போனது. அதில் ஒன்று, சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4, மற்றொன்று ஃபிளாக். வேறு வேறு உரிமையாளர்கள், வேறு வேறு ஒப்பந்தங்கள், ஆனால் ஒரே கடல்வழி. நகரத்துக்குள்ளும் இதே கதைதான். இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கினாலும், இரண்டும் தெருவில் ஒரே பள்ளத்தில் ஓடினால் ஒரு ஜே.சி.பி. இயந்திரம் இரண்டையும் சேர்த்தே அறுக்கும். கனடாவில் 2022 ஜூலை 8ஆம் தேதி ராஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் விழுந்து, 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். அந்த நாட்டின் டெபிட் கார்டு பரிமாற்றங்களை நடத்தும் இன்டராக் அமைப்பும் அன்று முடங்கியது, அதுவும் ராஜர்ஸை நம்பியிருந்ததால். இரண்டாவது சேவை நிறுவனத்தைச் சேர்ப்பதாக இன்டராக் அதற்குப் பிறகுதான் அறிவித்தது. ராஜர்ஸ் பொறியாளர்களோ தங்கள் கருவிகளைத் தொடக்கூட முடியாமல் தவித்தார்கள். நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வழியே அந்த நெட்வொர்க்கின் மேல்தான் ஓடியது. அதற்கு முன்பே, 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போனபோதும் இதுவே நடந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு இணைப்புகளை அறுத்தது. சரிசெய்யும் உள் கருவிகளும் அதோடு போயின. டேட்டா சென்டருக்கு நேரில் போனவர்கள் பாதுகாப்புக் கெடுபிடிகளைக் கடக்கவே நேரமானது. ‘நெட்வொர்க் முழுவதும் விழுந்தாலும் அதைத் தூக்கிநிறுத்தத் தனி வழி ஒன்று வேண்டும்’ என்பது எந்தத் துறையும் கேட்காத தேவை; யாருடைய அன்றாட வேலையிலும் அது வருவதில்லை. கேட்பவர்தான் அதை எழுப்ப வேண்டும்.

சட்டமும் இந்த ஆவணத்தில் ஒரு குரல். இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 180 நாள் பதிவு என்றால் அதற்கு வட்டில் இடம் வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஆறு மணி நேரம் என்றால் ஞாயிறு இரவிலும் யாராவது கவனிக்க வேண்டும். வக்கீல் படிக்கும் வாக்கியம் ஒன்று ரேக்கில் ஏறும் பெட்டியாகவும் ஷிப்ட் பட்டியலில் ஏறும் பெயராகவும் மாறுவது இப்படித்தான்.

இவ்வளவையும் திரட்டிய பிறகுதான் பகுப்பாய்வு தொடங்குகிறது. திரட்டிய தேவைகள் ஒன்றோடொன்று மோதும். விற்பனைப் பிரிவு வாடிக்கையாளருக்கு வை-ஃபை கொடுக்கச் சொல்லும். பாதுகாப்புப் பிரிவு வேண்டாம் என்னும். கணக்குப் பிரிவு மாதக் கடைசியில் அறிக்கை ஓட வேண்டும் என்னும், ஐ.டி. பிரிவு அதே இரவில் பராமரிப்பு வைத்திருக்கும். முதலாளி எல்லாம் வேண்டும் என்பார். நிதி அதிகாரி பட்ஜெட்டைக் காட்டுவார். இந்த மோதல்களை இப்போது மேசையில் வைத்துத் தீர்க்காவிட்டால், அவை கருவிகளின் அமைப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு அவற்றைத் தீர்ப்பவர் நள்ளிரவில் ஃபயர்வால் விதியை மாற்றும் இளநிலைப் பொறியாளராக இருப்பார். நிர்வாகத்தின் முடிவை அவர் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டிருப்பார். தவறினால் பழியும் அவர்மேலேயே விழும்.

இதற்கு எதிரே சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, பேண்ட்வித் இன்று மலிவு என்பது. பல மாதம் கூடிப் பேசுவதற்கு ஆகும் செலவில் தேவைக்கு இரண்டு மடங்காக வாங்கிப் போட்டுவிடலாமே? ஒரே கட்டடத்துக்குள் உள்ள அலுவலகத்துக்கு இதில் நியாயம் இருக்கிறது. கேபிளும் சுவிட்சும் சற்றுப் பெரிதாக இருப்பதில் தவறில்லை. அங்கே நுட்பமாகக் கணக்குப்போடுவது வீண். ஆனால் மேலே சொன்ன சம்பவங்களைத் திரும்பப் பாருங்கள். பாஸ்டனிலோ டார்கெட்டிலோ ராஜர்ஸிலோ ஃபேஸ்புக்கிலோ அடிப்படைக் குறை லைனின் அளவில் இல்லை. அமைப்பின் எல்லை, நம்பிக்கையின் எல்லை, ஒன்றையொன்று சார்ந்து நிற்றல் ஆகியவை எந்தக் கடையிலும் மெகாபிட் கணக்கில் கிடைப்பதில்லை. அதிகமாக வாங்குவது, எளிதில் அளக்கக்கூடிய ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்.

இரண்டாவது வாதம், எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்போது ஐந்தாண்டுத் தேவையை யார் எழுத முடியும் என்பது. 2020 மார்ச் மாத இறுதியில் நாடே பூட்டப்பட்டு, அலுவலகம் வீடு வீடாகச் சிதறும் என்று எந்த ஆவணமும் சொல்லியிருக்க முடியாது. உண்மை. ஆனால் தேவை ஆவணத்தின் பயன் ஜோசியத்தில் இல்லை. எந்த அனுமானத்தின் மேல் எது கட்டப்பட்டது என்று எழுதிவைப்பதில் இருக்கிறது. ‘ஒரே நேரத்தில் அதிகபட்சம் 200 பேர் வெளியிலிருந்து நுழைவார்கள் என்ற கணக்கில் இந்த ஃபயர்வாலும் அதன் லைசென்ஸும் வாங்கப்பட்டன’ என்ற ஒரு வரி கோப்பில் இருந்தால், 2,000 பேர் வீட்டிலிருந்து வேலைசெய்யப் போகிறார்கள் என்று கேட்ட நிமிடமே எது முதலில் உடையும் என்று தெரிந்துவிடும். அந்த வரி இல்லாதவர்கள், உடைந்த பிறகு தேடுவார்கள். அனுமானம் மாறும்போது எடுத்துப் பார்க்க வேண்டிய தாளாக அது இருக்க வேண்டும். அலமாரியில் உறங்கும் தடித்த புத்தகமாக இருந்தால் இந்த வாதம் சொல்வது சரிதான்.

மூன்றாவது, எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, இனி நெட்வொர்க்கைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது. கிளவுட் சில கேள்விகளை நம் தோளிலிருந்து இறக்குகிறது; மற்றவற்றைக் கனமாக்குகிறது. சர்வர் பக்கத்து அறையில் இருந்தவரை லைன் போனாலும் தலைமை அலுவலகத்தில் வேலை நடந்தது. எல்லாம் வெளியே போன பிறகு லைன் போனால் எல்லாமே போகும். தாமதம், மாற்று வழி, தரவு எந்த நாட்டில் இருக்கிறது, யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. பதில் சொல்ல வேண்டியவரும் மாறவில்லை.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு, 30 பேர் வேலைசெய்யும் இடத்துக்கு எதற்கு என்ற கேள்வி இன்னொன்று. அளவுக்கேற்ற ஆவணம் என்பதே இதற்கு விடை. முப்பது பேருக்கு ஆலோசகர்களும் நூறு பக்க அறிக்கையும் வேண்டாம். என்னென்ன மென்பொருள், அவை எங்கே ஓடுகின்றன, எது எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு தரவு இழந்தால் தாங்கலாம், வெளியாட்கள் யார், மூன்றாண்டில் எத்தனை பேர் ஆவோம், எந்தச் சட்டம் நம்மைக் கட்டுகிறது, பழுதானால் யார் பார்ப்பார் என்று இரண்டு பக்கம் போதும். சிறிய நிறுவனத்துக்குத்தான் இது கூடுதல் லாபம் என்றும் சொல்வேன். தேவை தெளிவாக இருந்தால் எதை வாங்க வேண்டாம் என்பதும் தெளிவாகும். ஒரு மணி நேரம் நின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவர் இரட்டை ரவுட்டர் விற்க வருபவரிடம் நிம்மதியாக வேண்டாம் என்று சொல்லலாம். அந்தத் தெளிவு இல்லாதவர் பயத்துக்கு வாங்குகிறார்; விற்பவருக்கு அது தெரியும்.

ஆவணம் தேறியதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கணினி தெரியாத நிர்வாகியும் செய்யலாம். கொள்முதல் பட்டியலை ஒரு கையிலும் தேவைப் பட்டியலை மறு கையிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலிலுள்ள ஒவ்வொரு கருவியையும் காட்டி, எந்தத் தேவைக்காக இது வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாத கருவிக்குக் கொடுக்கும் பணம் வீண். ஒவ்வொரு தேவையையும் காட்டி, இதை நிறைவேற்றுவது எது, நிறைவேறியதை எந்தச் சோதனையில் காட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாத தேவை வெறும் ஆசை. கடைசியில் மூன்றாவதாக ஒரு பட்டியல் கேளுங்கள். ஆலோசித்துப் பார்த்து, செலவு கருதி, வேண்டாம் என்று விட்டவை எவை? ‘இந்தக் கிளைக்கு இரண்டாவது லைன் இல்லை, நின்றால் அரை நாள் கையால் பில் போடுவோம்’ என்பது போல. அந்தப் பட்டியலின் கீழே பொறியாளர் கையெழுத்துப் போடக் கூடாது. நஷ்டத்தைத் தாங்கப்போகிறவர் யாரோ, அவர்தான் போட வேண்டும்.